நாளைக்கென ஒத்திவைக்கும் மகிழ்ச்சி



இன்று திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. நமது ஆலயங்களில் வைக்கப்பட்டுள்ள திருவருகைக்கால வளையத்திலே, ஊதா நிற மெழுகுதிரிகளின் நடுவே ரோசா நிறத் திரியொன்று இன்று ஏற்றப்படுகின்றது. வசதியுள்ள பங்குகளில் குருவானவரும் அதே நிறத் திருவுடை அணிந்து பலிபீடத்துக்கு வருகின்றார். திருவழிபாட்டு ஆண்டிலே இந்த நிறத்துக்கு இடமுள்ள நாட்கள் இரண்டே இரண்டு. ஒன்று இன்றைய ஞாயிறு. மற்றையது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. இரண்டுமே விழாக் காலத்தில் வரவில்லை, காத்திருப்பின் காலத்திலேதான் வருகின்றன என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பாலன் இன்னும் பிறக்கவில்லை. கல்லறை இன்னும் திறக்கப்படவில்லை. ஆயினும் வழியின் நடுவிலேயே நின்று மகிழும்படி தாய்த் திருச்சபை தன் பிள்ளைகளை அழைக்கின்றது. இந்த ஞாயிறு 'கௌதேத்தே' ஞாயிறு என வழங்கப்படுகின்றது. 'மகிழுங்கள்' என்பதே இந்த இலத்தீன் சொல்லின் பொருள்.

வந்து சேர்ந்த பின்னர் மகிழ்வது எவருக்கும் இயலும். வந்து சேரும் முன்னரே மகிழுமாறு திருச்சபை கேட்பது ஏன்? இந்தக் கேள்வியை நமது வீடுகளுக்குள் எடுத்துச் சென்று சற்றுச் சிந்திப்போம்.

பங்கிலே வீடுகளைச் சந்திக்கச் செல்லும் போதெல்லாம் நான் கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு. "மூத்தவளின்ர கலியாணம் ஒப்பேறட்டும், சுவாமி. பிறகு நிம்மதியாய் இருப்பம்" என்கிறார் ஒரு தாய். "வீட்டுக்குக் கூரை போட்டு முடியட்டும்" என்கிறார் ஒரு தந்தை. "மகனுக்கு விசா வரட்டும்", "சின்னவன் சாதாரண தரம் பாஸ் பண்ணட்டும்", "நகை அடகிலையிருந்து மீளட்டும்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு 'ட்டும்' இருக்கின்றது. முன்னொரு காலத்தில் நாம் எல்லோரும் ஒரே குரலில் "சண்டை முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2009ஆம் ஆண்டு சண்டை முடிந்தது. ஆனால் அந்த 'ட்டும்' முடியவில்லை. மீள்குடியேற்றம் நடக்கட்டும் என்றோம். பின்னர் 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயங்களுக்குள்ளேயே இரத்தம் சிந்தப்பட்டது. அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்து ஆலயக் கதவுகளை மூடியது. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசைகளில் நின்றோம். ஒரு கவலை வாசலால் வெளியேறும் முன்னரே அடுத்த கவலை படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுகின்றது.

இவ்வாறு மகிழ்ச்சியை நாளைக்கென ஒத்திவைத்து ஒத்திவைத்தே ஒரு தலைமுறை முதுமை எய்திவிட்டது. இதனை ஒரு குற்றச்சாட்டாக நான் எழுதவில்லை. நமது மக்களின் இடர்கள் கற்பனையானவை அல்ல. மாதச் சம்பளம் மாதத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடுவதும், கடலுக்குப் போனவரின் வலையை இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போவதும், மருந்துச் சிட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதும் உண்மையான துன்பங்கள். எனது கேள்வி வேறு. துன்பம் தீர்ந்த பின்னர்தான் மகிழ்ச்சி வரும் என்று நமக்குச் சொன்னவர் யார்? நிச்சயமாக நற்செய்தி அதனைச் சொல்லவில்லை.

சிறையிலிருந்து வந்த திருமுகம்

இன்றைய ஞாயிறுக்கு அதன் பெயரைத் தந்த சொல், புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். நான்கே அதிகாரங்களைக் கொண்ட அந்தச் சிறிய மடலில் மகிழ்ச்சி என்னும் சொல் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. அதனை எழுதும்போது பவுல் எங்கே இருந்தார்? சிறையில் இருந்தார். தமக்குக் கிடைக்கப் போவது விடுதலையா மரணமா என்பது அவருக்குத் தெரியாது. அதனையும் அவர் மறைக்காமல் முதல் அதிகாரத்திலேயே எழுதுகின்றார்.

இம்மடலை வாசித்த பிலிப்பி நகர மக்களுக்கு இது புதுமையாக இருந்திருக்காது. திருத்தூதர் பணிகள் நூலின் 16ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பவுலும் சீலாவும் அதே நகரிலேதான் ஆடை களையப்பட்டு, தடியால் அடிக்கப்பட்டு, கால்கள் மரத்தொழுவில் மாட்டப்பட்டு உட்சிறையில் அடைக்கப்பட்டார்கள். நள்ளிரவில் அவர்கள் இறைவனைப் பாடிப் புகழ்ந்தார்கள். மற்றைய கைதிகள் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே அந்தச் சிறைக் காவலர் மனம் மாறி, அவர்களுடைய காயங்களைத் தம் கைகளாலேயே கழுவினார். பின்னர் தமது வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளித்து, வீட்டார் அனைவரோடும் பேருவகை கொண்டார் என்று புனித லூக்கா எழுதுகின்றார். கழுவப்பட்ட காயங்கள் அன்றிரவே ஆறியிருக்க முடியாது. அடிபட்ட முதுகோடுதான் பவுல் அந்தப் பந்தியில் அமர்ந்திருந்தார். காயமும் களிப்பும் ஒரே மேசையில் அமர்ந்த இரவு அது.

இன்னுமொன்றையும் கவனியுங்கள். மகிழுங்கள் என்று நான்காம் அதிகாரத்தில் பவுல் எழுதுவதற்குச் சற்று முன்னுள்ள வரிகள் எதைப் பற்றியவை? அந்தச் சபையிலே முன்னின்று உழைத்த இரு பெண்மணிகளுக்கு இடையில் மூண்டிருந்த பிணக்கைப் பற்றியவை! அவர்கள் ஒருமனப்படவேண்டும் என்று கெஞ்சிக் கேட்ட கையோடுதான் அவர் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகின்றார். நமது பங்குகளின் பக்திச் சபைகளிலே, பாடகர் குழாமிலே, திருவிழா ஆயத்தக் கூட்டங்களிலே எழும் பிணக்குகளை அறிந்தவர்களுக்கு இது ஆறுதலான செய்தியாகும். பூசல் இல்லாத சபைக்கு எழுதப்பட்ட கட்டளை அல்ல அது. பூசல் உள்ள சபைக்கே, அந்தப் பூசலின் நடுவிலேயே எழுதப்பட்டது.

அப்படியானால் அந்த மகிழ்ச்சியின் அடித்தளம் எது? 'ஆண்டவருக்குள்' என்ற ஒரு சொல்லை பவுல் அதனோடு சேர்த்தே எழுதுகின்றார். ஆண்டவர் அருகில் இருக்கின்றார் என்பதே அதற்கு அவர் காட்டும் காரணம். சூழ்நிலை மாறியது என்றோ, வழக்கு வென்றது என்றோ அவர் காரணம் காட்டவில்லை. கிறிஸ்தவ மகிழ்ச்சி ஒரு நிலைமையின் பெயர் அல்ல, ஒருவரோடு நமக்குள்ள உறவின் பெயர். உறவுக்கு நாளை வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு தாய் எனக்குக் கற்பித்த பாடம்

ஆயினும் இதனைச் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. அதனை நான் என் சொந்தத் தவறினாலேயே அறிந்துகொண்டேன்.

2012ஆம் ஆண்டு. நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு ஓராண்டுகூட நிறையாத நாட்கள். வன்னியிலே, தகரக் கொட்டில் ஒன்றே ஆலயமாக இருந்த சிறியதொரு பங்கில் இதே மூன்றாம் ஞாயிறுத் திருப்பலியை ஒப்புக்கொடுத்தேன். குருமடத்தில் கற்றவை மனதில் பசுமையாக இருந்த காலம். கிரேக்கச் சொல்லுக்கு விளக்கம் சொன்னேன். பவுலின் சிறையைப் பற்றிச் சொன்னேன். இறுதியில், "ஆகவே அழுகையை விடுங்கள், கண்ணீரோடு இருப்பவன் கிறிஸ்துவை அறியாதவன்" என்று குரலை உயர்த்தி முடித்தேன்.

திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் பலிபீடத்துப் பூக்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அதனைச் செய்பவர் அவரே. அவருடைய மகன் 2009இல் காணாமற்போனவர். அவர் என்னருகே வந்து, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சுவாமி, லாசருவின்ர கல்லறையிலை ஆண்டவர் அழுதவர்தானே? அப்ப அவரும் கிறிஸ்துவை அறியாதவரோ?"

எனக்கு விடை தெரியவில்லை. குருமடத்தில் கற்ற எதுவும் அவ்வேளை உதவிக்கு வரவில்லை. "மன்னியுங்கோ அம்மா" என்பது மட்டுமே என் வாயில் வந்தது. அவர் சிரித்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வரும்படி அழைத்தார்.

சென்றேன். ஓலை வேய்ந்த சிறிய வீடு. முற்றத்திலே அயல் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் வாழையிலைத் துண்டுகளோடு வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அன்று மகனின் பிறந்தநாள். அவன் சிறுவனாக இருந்தபோது விரும்பி உண்ட சர்க்கரைப் புக்கையை ஆண்டுதோறும் அந்நாளில் காய்ச்சி, அயற்பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவருடைய வழக்கம். பிள்ளைகள் இனிப்பின் களிப்பில் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வோர் இலையிலும் இரண்டாம் தரமும் பரிமாறினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன, முகம் மலர்ந்திருந்தது. இரண்டும் ஒரே முகத்தில், ஒரே நேரத்தில்.

"மகன் வந்தாப் பிறகு இதைப் பெரிசாய்க் கொண்டாடலாந்தானே, அம்மா?" என்று, ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு கேட்டேன். அவர் அகப்பையை நிறுத்தாமலே சொன்னார்: "அவன் வந்தாப் பிறகு செய்யலாம் எண்டு விட்டால், இந்தப் பிள்ளையள் வளர்ந்திடுவினம், சுவாமி."

அன்றிலிருந்து இன்றுவரை, மகிழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கிக்க நேரும் ஒவ்வொரு முறையும் இந்த வார்த்தை என் காதில் ஒலிக்கின்றது. அந்தத் தாய் தம் கண்ணீரை மறைக்கவுமில்லை, தம் கேள்வியைக் கைவிடவுமில்லை. "என் பிள்ளை எங்கே?" என்று கேட்டு வீதியோரத்தில் படத்தை ஏந்தி அமர்ந்த தாய்மாரில் அவரும் ஒருவர். அந்தக் கேள்விக்கு விடை பெறும் உரிமை அவருக்கு உண்டு. கிறிஸ்தவ மகிழ்ச்சி நீதிக்கு மாற்று அல்ல. துன்புறுவோரின் வாயை அடைக்கும் துணியும் அல்ல. மகிழ்ச்சியாய் இரு என்று சொல்லி ஒருவரின் அழுகையை நிறுத்த முயல்பவர் நற்செய்தியை அறிவிக்கவில்லை. தமக்கு ஏற்படும் சங்கடத்தையே தவிர்த்துக்கொள்கின்றார். இயேசு அழுதார். அதே இயேசு, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவின் இராவுணவு வேளையிலேதான், தம் மகிழ்ச்சி சீடருக்குள் இருக்கவும் அவர்களுடைய மகிழ்ச்சி நிறைவுபெறவும் வேண்டும் என்று சொன்னதாக யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் கூறுகின்றது. கண்ணீரும் மகிழ்ச்சியும் பகைவர்கள் அல்ல. மகிழ்ச்சியின் பகை வேறொன்று, அது ஒத்திவைத்தல்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உறக்கமின்மையும் பசியின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் வாரக் கணக்கில் ஒருவரை அழுத்துமாயின், அது விசுவாசக் குறைவு அல்ல. மருத்துவம் வேண்டும் நோயாக இருக்கக்கூடும். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்வது போலவே அதற்கும் செல்லவேண்டும். "செபம் போதாது, அதனால்தான் இப்படி" என்று அத்தகையோரை எவரும் புண்படுத்தலாகாது. செபமும் மருந்தும் இறைவனின் இரு கொடைகள்.

நமது மண்ணின் சாட்சி

சிறையிலும் நோயிலும் மகிழ்ச்சியைக் காத்தவர்களைத் தேடி நாம் பிலிப்பி நகருக்கே போகவேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத் திடலிலே திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராக அறிவிக்கப்பட்ட யோசேவாஸ் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருக்களுக்குத் தடை விதித்திருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு, கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இந்நாட்டுக்கு வந்தவர் அவர். யாழ்ப்பாணத்திலே சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். இரவில் மறைவாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயத்தில் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தக் காவலின் நாட்களை அவர் சிங்கள மொழியைக் கற்பதற்குப் பயன்படுத்தினார். விடுதலை கிடைக்கட்டும், பிறகு பணியைத் தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதே இங்கு நமக்குப் பாடம்.

1697இல் கண்டியில் பெரியம்மை நோய் பரவியது. பலர் நகரை விட்டு ஓடினர். நோயுற்றோரை உறவினரே கைவிட்டனர். யோசேவாஸ் அடிகளார் தம் உறவினரான குரு ஒருவரோடு அங்கேயே தங்கி, சமயம் பாராது நோயாளருக்குப் பணி செய்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். அவர் கோவாவில் கட்டியெழுப்பிய ஒரட்டோரியன் சபை, உரோமை நகரில் வாழ்ந்த புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைப் பின்பற்றியது. அந்தப் பிலிப்பு நேரியோ நகைச்சுவைக்கும் மலர்ந்த முகத்துக்கும் பெயர்பெற்றவர். மக்கள் தம்மைப் புனிதர் என்று போற்றிவிடக் கூடாதே என்பதற்காக வேடிக்கையான தோற்றத்தில் வீதியில் நடந்தவர். துறவு என்றால் சுளித்த முகம் என்று நினைப்போர் அறிந்துகொள்ளவேண்டும்: ஈழத் திருச்சபையை மீண்டும் உயிர்ப்பித்த அந்த மாமுனிவர் மகிழ்ச்சியின் பள்ளியிலிருந்து வந்தவர்.

இதனை எழுதும்போது என்னையும் என் சகோதர குருக்களையும் நான் எண்ணிப் பார்க்கின்றேன். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 2013ஆம் ஆண்டு வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற திருத்தூது ஊக்கவுரையில், நற்செய்தி அறிவிப்பவர் செத்த வீட்டிலிருந்து திரும்பியவர் போன்ற முகத்தோடு இருக்கலாகாது என்ற கருத்தை முன்வைத்தார். நமது பிரசங்கங்கள் எத்தனை தரம் கண்டிப்பில் தொடங்கிக் கட்டட நிதியில் முடிகின்றன! வாரம் முழுவதும் ஏச்சுக் கேட்ட மக்கள் ஞாயிறன்றும் ஏச்சுக் கேட்பதற்காகவா ஆலயம் வருகின்றார்கள்? மக்களின் மகிழ்ச்சியின்மைக்கு நாமும் ஓரளவு பொறுப்பு என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

கடனுக்கு வாங்கும் மகிழ்ச்சி

ஒத்திவைத்த மகிழ்ச்சியின் மறுபக்கத்தில் இன்னொரு நோயும் நம்மிடம் உண்டு. ஆண்டு முழுவதும் ஒத்திவைத்ததை ஒரே நாளில் விலைக்கு வாங்கிவிட முயல்கின்றோம். பிள்ளையின் முதல் நன்மைக்கு மண்டபம், வீடியோ, மூன்று தட்டுக் கேக், வீதியை அடைக்கும் ஒலிபெருக்கி. இவற்றுக்காக நுண்கடன் நிறுவனத்திடம் கையெழுத்திட்ட தாய், அடுத்த ஓராண்டு முழுவதும் கிழமைதோறும் கடன் வசூலிக்க வருபவரைக் கண்டு பின்கதவால் ஒளிக்கின்றார். அந்தப் பிள்ளை முதன்முறையாக உட்கொண்ட நற்கருணை ஆண்டவரைப் பற்றி வீட்டில் எவரும் பேச நேரம் இருந்ததா? கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கானாவூரில் திராட்சை இரசம் தீர்ந்தபோது அதனை நிறைத்துக் கொடுத்தவர் நமது ஆண்டவர். ஆனால் அவர் அந்த வீட்டாரைக் கடனாளியாக்கவில்லை, அவமானத்திலிருந்து காப்பாற்றினார்.

1975ஆம் ஆண்டு புனித ஆறாம் பவுல், கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றியே தனியொரு திருத்தூது ஊக்கவுரையை வெளியிட்டார். இன்பத்துக்கான வாய்ப்புகளைப் பெருக்கிக்கொண்ட தொழில்நுட்பச் சமூகம், மகிழ்ச்சியை உருவாக்குவதில் இடர்ப்படுகின்றது என்பது அதில் அவர் எடுத்துரைத்த கருத்துகளுள் ஒன்று. ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரே அறையில் நால்வர் அமர்ந்து, நான்கு கைபேசிகளில் நான்கு நாடுகளைப் பார்த்துக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் நமது மாலைப் பொழுதுகள் அவருடைய வார்த்தைக்குச் சான்று பகர்கின்றன.

இதற்கு எதிரான ஒரு நினைவு என்னிடம் உண்டு. 2022ஆம் ஆண்டு, மன்னார்க் கரையோரப் பங்கொன்றில் பணியாற்றிய வேளை, படகுகளுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் எமது மக்கள் இரவிரவாக வரிசையில் காத்திருந்தார்கள். ஓரிரவு நானும் அவர்களோடு கான்களின் நடுவே அமர்ந்திருந்தேன். செபமாலை சொன்னோம். முடிந்ததும், அயலிலுள்ள முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பெரிய கேத்திலில் பிளேன்ரீ கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். காசு வாங்க மறுத்துவிட்டார். வயது முதிர்ந்த கடற்றொழிலாளி ஒருவர் தம் இளமைக்காலக் கடற்கதைகளைச் சொல்லத் தொடங்க, விடியும்வரை சிரிப்பு ஓயவில்லை. கர்ப்பிணி மனைவி வீட்டில் தனியே இருந்த ஓர் இளைஞரைக் கேளாமலே முன்னுக்கு விட்டார்கள். காலையில் வரிசையில் பாதிப்பேருக்குத்தான் எண்ணெய் கிடைத்தது. கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். அந்த இரவைப் புகழ்வதற்காக இதனை நான் எழுதவில்லை. அப்படியொரு நிலை இந்நாட்டுக்கு மீண்டும் வரலாகாது. அதனை வரவழைத்தோர் மக்களுக்குப் பதில் சொல்லவும் வேண்டும். ஆயினும், என் குருத்துவ வாழ்வின் மகிழ்ச்சியான இரவுகளை எண்ணும்போது, எந்தத் திருவிழா இரவுக்கும் முன்னே அந்த வரிசை இரவுதான் நினைவில் வருகின்றது. அங்கே ஒன்றும் தீர்ந்திருக்கவில்லை. ஆனால் எவரும் தனித்திருக்கவில்லை.

இன்றிரவே தொடங்கலாம்

ஆகவே அன்பான பெற்றோரே, பிள்ளைகளே, இந்த ஞாயிறுக்கு மூன்று எளிய காரியங்களை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, கிழமையில் ஒரு மாலையாவது வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். பாணும் சம்பலும் என்றாலும் போதும். தொலைக்காட்சியும் கைபேசியும் அவ்வேளை ஓய்வெடுக்கட்டும். உயிர்த்த ஆண்டவரை எம்மாவு வழிச் சீடர்கள் அறிந்துகொண்டது அப்பம் பிடும்போதுதான் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, குடும்பச் செபமாலையின் முடிவில், அன்று கிடைத்த ஒரு நன்மையை ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொதுவாகச் சொல்லவேண்டாம், ஒன்றைச் சொல்லுங்கள். இந்த வழக்கத்தைத் தொடங்கிய ஒரு வீட்டிலே, ஏழு வயதுச் சிறுமி முதல் நாளன்று சொன்ன நன்றி இது: "இண்டைக்கு அப்பா குடிக்காமல் வந்தவர், நன்றி, இயேசுவே." அந்தத் தந்தையே பின்னர் இதனை என்னிடம் சொல்லிக் கண்ணீர் வடித்தார். எனது பத்துப் பிரசங்கங்கள் செய்யாததை அந்தச் சிறுமியின் ஒரு வரி நன்றி செய்தது. நன்றி சொல்லும் நாவு, கண்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கின்றது.

மூன்றாவது, பாலன் பிறப்பு விழாவுக்கு முன்னர் ஒரு வீட்டைச் சந்தியுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே விளக்கேற்றும் ஒரு முதியவரின் வீடு. இவ்வாண்டு இழவு கண்ட ஒரு வீடு. நீங்கள் நீண்ட காலமாகப் பேசாதிருக்கும் ஓர் உறவினரின் வீடு. கையில் பலகாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மரியன்னை எலிசபெத்தின் வீட்டுக்குச் சென்றபோது என்ன பொருளைக் கொண்டுசென்றார் என்று நற்செய்தி சொல்லவில்லை. அவருடைய வாழ்த்தொலி கேட்டதும் வயிற்றிலிருந்த குழந்தை மகிழ்ச்சியால் துள்ளிற்று என்று மட்டுமே சொல்கின்றது. மகிழ்ச்சி இவ்வாறுதான் வீட்டுக்கு வீடு நடந்து செல்கின்றது, கால்நடையாக.

இந்த மூன்றினாலும் கடன் தீர்ந்துவிடாது. விசா வந்துவிடாது. அறுந்த வலை தானாகப் பின்னப்பட்டுவிடாது. அவற்றுக்காக உழைக்கவும் போராடவும் வேண்டிய கடமை நாளையும் நமக்கு இருக்கும். ஆனால் அந்த உழைப்புக்கு நாம் சோர்ந்த உள்ளத்தோடு செல்லப் போகின்றோமா, இம்மானுவேல் நம்மோடு இருக்கின்றார் என்ற உறுதியோடு செல்லப் போகின்றோமா என்பதே கேள்வி.

பெத்லகேமில் அனைத்தும் சரியான பின்னர் ஆண்டவர் பிறக்கவில்லை. விடுதியில் இடம் கிடைக்கட்டும், பேரரசரின் கணக்கெடுப்பு முடியட்டும், ஏரோது சாகட்டும் என்று இறைவன் காத்திருந்திருப்பாராயின், நமக்கு மீட்பு வந்திராது. தொழுவம் தொழுவமாக இருந்தபோதே அவர் வந்தார்.

வன்னியிலுள்ள அந்தத் தாயின் முற்றத்திலே அன்று சர்க்கரைப் புக்கை உண்ட பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்களுள் சிலர் தங்கள் குழந்தைகளோடு அவரைப் பார்க்க வருகின்றார்கள். மகன் இன்னும் வரவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் பானை இன்னும் அடுப்பேறுகின்றது. இன்று உங்கள் ஆலயத்தில் ரோசா நிறத் திரி எரியும்போது, அந்தப் பானையின் கீழ் எரியும் நெருப்பையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வளர்ந்துகொண்டிருக்கின்றார்கள். நாளைக்கென எதனை நீங்கள் ஒத்திவைத்திருக்கின்றீர்கள்?

அருகில் இருக்கும் ஆண்டவர் உங்கள் இல்லங்களுக்குத் தம் மகிழ்ச்சியை இன்றே அருள்வாராக. ஆமென்.